‘டிக்’ சத்தம் ஏன் வரவில்லை?

மாணவர்களே, நள்ளிரவில் பாட்டி கழிவறைக்குப் போக எழுகிறார். நடைவழி இருட்டாக இருக்கிறது. சுவிட்சோ மறுகோடியில். அவர் காலடி வைத்ததும் தானாக எரியும் விளக்கு ஒன்று இருந்தால், தடுக்கி விழும் அபாயம் குறையும் அல்லவா?

படிவம் 4 மாணவர் ஒருவர் தம் பாட்டிக்காக இப்படியொரு விளக்கைச் செய்ய முனைந்தார். அசைவு உணரியின் வெளியீட்டுக் கம்பியை நேராக ரிலேயில் இணைத்தார். கையை ஆட்டினார், நடந்தார், குதித்தும் பார்த்தார். விளக்கு எரியவில்லை. “டீச்சர், ரிலே பழுது போல” என்று என்னிடம் கொண்டு வந்தார். ரிலே நன்றாகத்தான் இருந்தது, உணரியும் அப்படியே. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒன்றுதான் இல்லை.

உணரி சொல்வது என்ன?

மின்னணுச் செயல்திட்டங்களில் பலரும் பயன்படுத்துவது எச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற சிறிய பலகை. நம் உடல் எப்போதும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. பலகையின் மேலுள்ள வெள்ளைக் குமிழ் மூடி அக்கதிர்களைக் குவித்து, உள்ளே அருகருகே இருக்கும் இரண்டு உணர் பகுதிகளின் மீது விழச் செய்கிறது. நாம் நடக்கும்போது கதிர்கள் முதலில் ஒன்றின் மீதும், பிறகு மற்றொன்றின் மீதும் விழுகின்றன. இந்த வேறுபாட்டைத்தான் உணரி ‘அசைவு’ என்று எடுத்துக்கொள்கிறது. அசையாமல் நின்றால் அதற்கு நம்மைத் தெரியாது.

நம் ஊர் வெயிலும் இதைக் குழப்பும். நம் தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி செல்சியஸ். நண்பகலில் சுவரும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால், உணரி நம்மைக் கண்டுகொள்ளத் தடுமாறும். இரவில் இந்தச் சிக்கல் குறைவு.

அசைவைக் கண்டதும் உணரி தன் வெளியீட்டில் 3.3 வோல்ட் தரும். ஆனால் அங்கிருந்து கிடைக்கும் மின்னோட்டம் சுமார் 3 மில்லிஆம்பியர்தான்.

ரிலே கேட்பது எவ்வளவு?

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். உள்ளே இருக்கும் சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால், அது காந்தமாகி ஓர் உலோகத் தகட்டை இழுக்கும். அந்த ‘டிக்’ சத்தம் அதுதான். கடைகளில் கிடைக்கும் நீல நிற 5 வோல்ட் ரிலேயின் சுருள் மின்தடை ஏறத்தாழ 70 ஓம். ஓம் விதிப்படி 5 ÷ 70 = 0.071 ஆம்பியர், அதாவது 71 மில்லிஆம்பியர். உணரி தருவதைப்போல் இருபது மடங்குக்கும் மேல்! ஒரு வாளித் தண்ணீர் வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி ஊற்றினால் எப்படிப் போதும்?

நடுவில் ஒரு டிரான்சிஸ்டர்

2என்2222 போன்ற டிரான்சிஸ்டரின் பேஸ் காலில் சிறு மின்னோட்டம் நுழைந்தால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு மின்னோட்டம் பாய முடியும். பேஸுக்கு 1 மில்லிஆம்பியர் கிடைத்தாலே ரிலேக்குப் போதும். அந்த ஆற்றல் உணரியிலிருந்து வருவதில்லை, மின்வழங்கியிலிருந்து வருகிறது. உணரி கட்டளை மட்டும் இடுகிறது.

இன்னொரு துணையும் வேண்டும். சுருளில் மின்னோட்டம் சட்டென்று நின்றால், அதன் காந்தப்புலம் சரிந்து, எதிர்பாராத உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அது டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும். இந்தத் தன்தூண்டலை 1830களில் ஆராய்ந்தவர் அமெரிக்க அறிவியலர் ஜோசப் ஹென்றி. தூண்டலின் அலகுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டுள்ளது. தொடக்கக்கால ரிலேயை அமைத்தவரும் அவரே! சுருளுக்கு இணையாக ஒரு 1என்4007 டையோடை வைத்தால், அந்த மின்னோட்டம் அதன் வழியே சுற்றி அடங்கிவிடும்.

இணைக்கும் முறை

1. 5 வோல்ட் கைப்பேசி மின்னேற்றியிலிருந்து உணரியின் நேர், எதிர் கால்களுக்கு இணைப்புக் கொடுங்கள். பவர்பேங்க் வேண்டாம், மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர்பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.
2. உணரியின் வெளியீட்டை 1 கிலோஓம் மின்தடை வழியாகப் பேஸில் இணையுங்கள்.
3. எமிட்டரை எதிர்முனையில் இணையுங்கள். கால்களின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், தரவுத்தாளைப் பாருங்கள்.
4. ரிலேச் சுருளின் ஒரு முனையைக் கலெக்டரிலும், மறுமுனையை 5 வோல்ட்டிலும் இணையுங்கள்.
5. டையோடின் வெள்ளிக் கோடு உள்ள முனை 5 வோல்ட் பக்கம் இருக்கட்டும். மற்ற முனை கலெக்டர் பக்கம். மாற்றி வைத்தால் குறுக்குச் சுற்றாகிவிடும்.
6. 12 வோல்ட் எல்இடி பட்டையின் நேர்க்கம்பியை ரிலேயின் பொது முனை, ‘இயல்பில் திறந்த’ முனை ஆகியவற்றின் வழியாகக் கொண்டு செல்லுங்கள். பட்டைக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும்.

மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் உணரி தாறுமாறாக நடந்துகொள்ளலாம். பொறுமையாக இருங்கள்.

ஓர் எச்சரிக்கை

ரிலேயின் மேல் ‘250 வோல்ட், 10 ஆம்பியர்’ என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை இணைக்க ஆசை வரும். வேண்டவே வேண்டாம். திறந்த பலகையில் விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டுக் கம்பி வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது. பாட்டியின் நடைவழிக்கு 12 வோல்ட் வெளிச்சமே போதும்.

டிரான்சிஸ்டரையும் டையோடையும் சேர்த்த பிறகு அந்த மாணவரின் ரிலே ‘டிக்’ என்றது. ஆனால் பாட்டி பாதி வழி போவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது! உணரியில் இரண்டு திருகுகள் உண்டு: ஒன்று தொலைவுக்கு, மற்றது நேரத்துக்கு. நேரத் திருகை உங்கள் நடையை வைத்து அல்ல, பாட்டியின் நடையை வைத்துச் சரிசெய்யுங்கள். கடிகாரத்தோடு அவருடன் ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை விநாடி வேண்டும் என்பது தெரிந்துவிடும்.