நச்சுயிரிகளும் புற்றுநோயும்

புற்றுநோய் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே நம் உள்ளம் நடுங்குகிறது. இந்நோய் பற்றி நம் இல்லங்களில் இருவேறு எண்ணங்கள் நிலவக் காண்கிறோம். இது விதியால் வருவது. தடுக்க இயலாது என்பது ஒன்று. இது ஒட்டிக்கொள்வது, நோயாளியை விலக்கி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழை என்பதை வைரஸ் எனப்படும் நச்சுயிரி பற்றிய ஆய்வுகள் தெளிவுறுத்துகின்றன.

1911ஆம் ஆண்டில் நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த பெய்டன் ரவுஸ் என்பார் ஓர் ஆய்வினை வெளியிட்டார். கோழியொன்றின் புற்றுக் கட்டியை அரைத்து, உயிரணுக்களும் பாக்டீரியாக்களும் நுழைய இயலாத நுண்வடிகட்டியில் அவர் வடித்தார். வடிந்த நீரை நலமுள்ள கோழிகளுக்குச் செலுத்தியபோது அவற்றிற்கும் கட்டி தோன்றிற்று. வடிகட்டியைக் கடந்து சென்றது நச்சுயிரியே. அறிவுலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. 55 ஆண்டுகள் கழித்து, 1966இல், தம் 87ஆம் வயதில் ரவுஸ் நோபல் பரிசு பெற்றார்.

மனிதர்க்கும் இது பொருந்துமா? ஆப்பிரிக்கச் சிறாரின் தாடைக் கட்டியில் 1964இல் எப்ஸ்டைன் குழுவினர் ஒரு நச்சுயிரியைக் கண்டனர். கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் பாப்பிலோமா நச்சுயிரியின் இரு வகைகளை 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹெரால்ட் சூர் ஹௌசன் குழுவினர் கண்டறிந்தனர். நம் உயிரணுக்கள் அளவின்றிப் பெருகாதவாறு காக்கும் புரதங்கள் உண்டு. இந்நச்சுயிரி அக்காவலைச் செயலிழக்கச் செய்கிறது. கடிவாளம் அறுந்த குதிரையென உயிரணுக்கள் பெருகத் தொடங்குகின்றன.

கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் 'பி' நச்சுயிரியின் வழி வேறு. அது கல்லீரலில் பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. உயிரணுக்கள் அழிவதும் மீண்டும் தோன்றுவதுமாக இருக்குங்கால் மரபணுக்களில் பிழைகள் சேர்கின்றன. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 1981இல் வெளியாயிற்று. இந்நச்சுயிரியை உடலில் தாங்கியோருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் 200 மடங்குக்கு மேல் என்று அது காட்டிற்று. 1984இல் அந்நாடு பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடத் தொடங்கியது. முன்பு 6 முதல் 14 வயதுச் சிறாருள் ஆண்டுதோறும் இலட்சத்திற்கு 0.70 பேர் என்றிருந்த கல்லீரல் புற்றுநோய், 1990–94இல் 0.36 ஆகக் குறைந்தது. தடுப்பூசியால் புற்றுநோயையும் தடுக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. நச்சுயிரி தொற்றியோர் அனைவர்க்கும் புற்றுநோய் வருவதில்லை. பாப்பிலோமா தொற்றுகளுள் பெரும்பாலானவை தாமே நீங்கிவிடும். புற்றுநோய்கள் அனைத்திற்கும் நச்சுயிரியே காரணமும் அன்று. புகையிலையின் தீங்கை நாம் அறிவோம்.

ஒரே சஹனில் அமர்ந்து உண்ணும் மரபுடையவர் நாம். ஹெபடைடிஸ் 'பி' உடன் உண்பதால் பரவுவதில்லை. பிறப்பின்போது தாயிடமிருந்து சேய்க்கும், குருதி வழியாகவும், உடலுறவாலும் பரவுகிறது. ஒருவர்க்குப் பயன்படுத்திய ஊசி, சவரக்கத்தி, கத்னாக் கருவி ஆகியவற்றைத் தூய்மை செய்யாது மற்றவர்க்குப் பயன்படுத்தினாலும் பரவும். எனவே விலக்க வேண்டியது தூய்மையற்ற கருவியையே, நோயாளியை அன்று.

பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு ஹெபடைடிஸ் 'பி' தடுப்பூசி இடுதல் வேண்டும். பாப்பிலோமா தடுப்பூசியை 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்கு இடுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. நம் தாய்மார் நாணம் கருதிக் கருப்பைவாய்ச் சோதனையைத் தள்ளிப்போடலாகாது. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். வருமுன் காத்தலும் அவ்வழியில் அடங்கும் என நாம் கருதுகிறோம். கற்றோர் இதனைத் தம் இல்லத்திலும், பெரியோர் ஜமாஅத்திலும் எடுத்துரைப்பாராயின் பல உயிர்கள் காக்கப்படும்.