ஒரு நாள் விட்டு ஒரு நாள்: பால்மரத்தின் கணக்கும் டிரையத்லான் பயிற்சியும்

பால்மரத்தைத் தினமும் வெட்டக் கூடாது. ராசா, மம்பாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று ஒரு நிரையில் வெட்டு என்றால் நாளை வேறு நிரைக்குப் போக வேண்டும். இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு.

இதற்குக் காரணம் மரத்தின் உள்ளே இருக்கிறது. ஒரு வெட்டில் வடிந்து போன பாலை மறுபடி ஊற வைக்க மரத்துக்கு இரண்டு மூன்று நாள் தேவை. இலையில் தயாராகும் சர்க்கரை பட்டைக்கு இறங்கி வந்து, பால்குழாய்களில் புதிய பாலாக மாற வேண்டும். அதற்குள் மீண்டும் மீண்டும் கத்தி வைத்தால் முதலில் பால் தண்ணீராகும். பிறகு வெட்டின் ஒரு பகுதி மட்டும் காயும். கடைசியில் வெட்டுக்கோடு முழுவதும் வறண்டு, மங்கில் ஒரு சொட்டும் விழாது. ஆரம்ப நிலையில் கண்டுகொண்டு ஓய்வு கொடுத்தால் மரம் தேறலாம். முற்றிய பிறகு தேறுவது கடினம்.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். வெட்டே படாத மரத்தில் முதல் வெட்டில் பால் குறைவாகத்தான் வரும். அடுத்தடுத்த வெட்டுகளில் பால் கூடிக்கொண்டே போகும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக 1888 முதல் இருந்த ஹென்றி ரிட்லி இதைக் கவனித்து எழுதினார். காயம் பட்டால் மரம் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. அளவாகப் பட்ட காயம் பாலைக் கூட்டும், அளவு மீறினால் மரம் வறண்டு விடும். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓய்வு நாள்தான்.

நீங்கள் நீண்ட தூர டிரையத்லான் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தால், அல்லது கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், உங்கள் உடம்பும் ஏறத்தாழ இதே கணக்கில்தான் நடக்கிறது.

தூரத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். அயர்ன்மேன் என்னும் முழுத் தூரப் போட்டியில் முதலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அதாவது 50 மீட்டர் குளத்தில் 76 நீளம். அடுத்து 180 கிலோமீட்டர் சைக்கிள். ராசாவிலிருந்து மம்பாவ், லுக்குட் வழியாகப் போர்ட்டிக்சனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை போய்த் திரும்ப வேண்டும். இறங்கிய பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் 17 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். 1978-இல் ஹவாயில் இந்தப் போட்டி முதன்முதலாக நடந்தபோது தொடங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். நம் நாட்டில் லங்காவியில் 2000-ஆம் ஆண்டு முதல் 2010 வரை நடந்து, பின்னர் 2014-இல் மீண்டும் தொடங்கியது.

இத்தனை நேரம் நம் வெயிலில் உடம்பை ஓட்ட முடியுமா என்ற சந்தேகம் வேண்டாம். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முடித்துத் தங்கம் வென்றார். குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள் திணறும் அதே புழுக்கத்தில்தான் அவர் நடந்தார்.

முடியுமா என்பதை விட, எப்படித் தயாராவது என்பதுதான் பெரிய கேள்வி. முதல்முறை இறங்குபவர்களில் பலர் சோம்பலால் தோற்பதில்லை. உழைப்பு மிகுந்துபோய்த்தான் தோற்கிறார்கள்.

பயிற்சியின்போது உடம்பு வலுவடைவதில்லை. பயிற்சியில் உடம்பு தேய்கிறது. தசை நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது, எரிபொருள் தீர்கிறது, நரம்பு மண்டலம் களைக்கிறது. வலு வருவது அதன் பிறகு, சாப்பிடும்போதும் தூங்கும்போதும்தான். கனடாவில் எரிக் பேனிஸ்டரும் அவருடைய குழுவினரும் 1970-களில் இதை ஒரு கணிதமாக எழுதினார்கள். ஒவ்வொரு பயிற்சியும் உங்கள் கணக்கில் இரண்டு பதிவுகளைப் போடுகிறது. ஒன்று தகுதி, மற்றொன்று களைப்பு. தகுதியிலிருந்து களைப்பைக் கழித்தால் கிடைப்பதே அன்றைய ஆட்டத்திறன். களைப்பின் பதிவு பெரியது, ஆனால் சீக்கிரம் கரையும். தகுதியின் பதிவு சிறியது, மெதுவாகக் கரையும்.

எண்ணில் பாருங்கள். இந்தக் கணிதத்தைப் பயன்படுத்துபவர்கள் வழக்கமாகத் தகுதிக்கு 42 நாளையும் களைப்புக்கு 7 நாளையும் கரையும் காலமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, இரண்டு வாரம் நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் சேர்த்து வைத்த தகுதியில் ஏறத்தாழ 72 விழுக்காடு அப்படியே இருக்கும். களைப்பில் மிஞ்சுவது 14 விழுக்காடு கூட இல்லை. எல்லா உடம்பும் இந்த எண்களுக்குக் கட்டுப்படாது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு நாள் ஓய்வெடுத்தால் உழைத்ததெல்லாம் போய்விடும் என்று பதறுபவர்கள் இந்த ஒரு கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

பயிற்சிச் சுமையை அளக்க விலை உயர்ந்த கடிகாரம் வேண்டியதில்லை. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் சொன்ன வழிக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும். பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். ஒரு மணி நேர மெதுவோட்டம், மதிப்பெண் 3 என்றால் சுமை 180. ஜெலுபு போகும் வழியில் புக்கிட் தங்கா மேட்டை ஏறி இறங்கி ஐந்து மணி நேரம் சைக்கிள், மதிப்பெண் 6 என்றால் சுமை 1,800. வெயில் ஏறினால் அதே வேகத்திலும் இதயம் வேகமாகத் துடிக்கும், மதிப்பெண் தானாகக் கூடும். நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. வேகத்தை மட்டும் எழுதி வைக்கும் கணக்கில் இது தெரியாது, ஃபாஸ்டர் கணக்கில் தெரியும்.

இந்த நோட்டில் இன்னொன்றும் தெரியும், அதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் வாரச் சுமை 2,100. முதலாமவர் திங்கள் முதல் ஞாயிறு வரை 250, 350, 300, 400, 250, 350, 200 என்று ஓடுகிறார். இரண்டாமவர் 0, 400, 150, 500, 0, 850, 200. மொத்தம் ஒன்றுதான், உடம்புக்கு ஒன்றல்ல. நாள் சராசரியை நாளுக்கு நாள் உள்ள ஏற்ற இறக்கத்தின் அளவால் வகுத்தால் வருவதை ஃபாஸ்டர் ஒரே மாதிரித்தன்மை என்கிறார். முதலாமவருக்கு அது 4-க்கும் மேல், இரண்டாமவருக்கு ஏறத்தாழ 1. இந்த எண் உயர்ந்திருக்கும் வாரங்களில் சளி, காய்ச்சல் வருவதும் அதிகம் என்பதை அவர் 1998-இல் காட்டினார். பயிற்றுநர்கள் பொதுவாக 2-ஐத் தாண்டினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். கடின நாள் கடினமாகவும் இலேசான நாள் உண்மையிலேயே இலேசாகவும் இருக்க வேண்டும். தினமும் நடுத்தரமாகக் களைத்துக்கொள்வதுதான் மோசமான வழி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறேன் என்று ஒருவர் பால்மரத்திடம் போனால் என்ன ஆகுமோ அதுதான்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதே என்று ஒரு விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், இந்த விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் சற்று வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயம் ஏற்பட்ட விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இரு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது காப்பாற்றிவிடும் என்று நம்பி, உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

எரிபொருள் பற்றி ஒரு நல்ல பரிசோதனை உண்டு. 1966-இல் சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள், களைத்து விழும் வரை. மிதித்த காலின் தசையில் கிளைகோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை ஏறத்தாழ தீர்ந்து போயிருந்தது. பிறகு மாவுச்சத்து மிகுந்த உணவைச் சாப்பிட்டு ஓய்வெடுத்தார்கள். மூன்று நாளில் மிதித்த காலில் மட்டும் அந்தச் சேமிப்பு மற்றக் காலைப் போல இரு மடங்காகியிருந்தது. உழைத்த தசைதான் வாங்கிக்கொள்கிறது, அதுவும் கொடுத்தால்தான். நீண்ட சைக்கிள் நாளன்று எடை குறையட்டும் என்று சோற்றைத் தவிர்ப்பவர்களுக்கு இது பதில். தோசை, சோறு, பருப்பு, முட்டை, ஒரு மைலோ எல்லாம் வேலைக்கு ஆகும். தனியாக டப்பாவில் விற்கும் மாவு இல்லாமலே தேறலாம். நீரிழிவு உள்ளவர்கள், அல்லது குடும்பத்தில் அது உள்ளவர்கள், தொடங்கும் முன் மருத்துவரிடம் சர்க்கரையையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் சமூகத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது.

இனி, எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இல்லாத ஒரு சுமை. செனவாங் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, வீட்டுக்கு வந்து, நேராகச் சைக்கிளை எடுப்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். வேலைக் களைப்பு வேறு, பயிற்சிக் களைப்பு வேறு என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தின்போதுதான். பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம் தூக்கம் தேவை. இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு அலாரம் வைத்தால் ஐந்து மணி நேரம்தான். நம் பாட்டன்மார் இருட்டிலேயே எழுந்து பிரட்டுக்குப் போனவர்கள்தான் என்பீர்கள். ஆனால் அவர்கள் முன்னிரவிலேயே விளக்கை அணைத்தவர்கள், கையில் கைப்பேசி இல்லாதவர்கள். இரவு வேலை வாரத்தில் கடின நாளை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். ஒரு பயிற்சியைக் கைவிட வேண்டும் என்றால் தூக்கத்தைக் கொடுத்துப் பயிற்சியை வாங்காதீர்கள்.

உடம்பு எல்லை மீறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காலையில் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்கும் முன், நாடியை எண்ணி நோட்டில் எழுதுங்கள். வழக்கத்தை விட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாகத் தொடர்ந்து சில நாள் இருந்தால் கவனிக்க வேண்டும். அதைவிட நம்பகமான அறிகுறிகள் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் முதலில் தெரியும்: எரிச்சல், களைத்தும் தூக்கம் வராமை, சாப்பாட்டில் விருப்பமின்மை. இந்த நிலையில் நின்றுவிட்டால் ஓரிரு வாரத்தில் சரியாகும். அலட்சியமாகத் தள்ளிக்கொண்டே போனால் தேற மாதக்கணக்கில் ஆகும். வேகம் குறைகிறதே என்று இன்னும் கூட்டுவதுதான் எல்லாரும் செய்வது.

மூன்று நிலைகளில் யோசனையே வேண்டாம், பயிற்சியை நிறுத்துங்கள். காய்ச்சல் இருந்தால், அது டெங்கியாகவும் இருக்கலாம், சாதாரண வைரஸ் காய்ச்சலே கூட இதயத் தசையைத் தொட்டிருக்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சில் வலியோ மயக்கமோ வந்தால் சொல்லவே வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பல மணி நேரம் வெறும் தண்ணீரை மட்டும் தாகத்துக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். அதனால் இறந்தவர்களும் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புச் சேர்ந்ததையும் இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு வாரம்தான் பலருக்கும் மிகக் கடினம், ஏனென்றால் அப்போது செய்ய வேண்டியது குறைவு. இது குறித்து வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான கணக்கீடு ஒன்று, இரண்டு வாரத்துக்குப் பயிற்சியின் அளவை 41 முதல் 60 விழுக்காடு வரை குறைப்பதே நல்ல பலன் தருகிறது என்று காட்டியது. வேகத்தைக் குறைக்கக் கூடாது, நாட்களின் எண்ணிக்கையையும் அவ்வளவாகக் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு பயிற்சியும் குறுகியதாக இருந்தால் போதும். பத்து மணி நேரம் செய்துவந்தவர் நான்கைந்து மணி நேரம் செய்தால் சரி. அந்த நாட்களில் முழங்கால் வலிப்பது போல் தோன்றும், இருமல் வருவது போல் தோன்றும், யாரோ போர்ட்டிக்சன் வரை போய்த் திரும்பிய படத்தைப் போட்டிருப்பார். சைக்கிளை வீட்டிலேயே வைத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் செயின், பிரேக், டயர் மூன்றையும் கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.