வாத்துக்கு வீடு கட்டினால் போதுமா?

தரையில் அல்ல, மரப்பொந்தில் முட்டையிடும் வாத்து ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் மரவாத்துதான் அது. வேட்டையாலும், முதிர்ந்த மரங்கள் வெட்டப்பட்டதாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனமே அழிந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். 1918-ல் சட்டம் போட்டு வேட்டையைத் தடுத்தார்கள். ஆனால் முட்டையிடப் பொந்துக்கு எங்கே போவது?

1930-களின் இறுதியில் இல்லினாய் மாநிலத்தில் பிராங்க் பெல்ரோஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் நீர்நிலைகளின் ஓரம் மரப்பெட்டிகளைப் பொருத்தினார்கள். வாத்துகள் குடியேறின, குஞ்சு பொரித்தன. நாடெங்கும் பெட்டிகள் பெருகின.

பிறகு புதிய சிக்கல் முளைத்தது. பல இடங்களில் பெட்டிகளைத் திறந்த வெளியில், நெருக்கமாக வைத்துவிட்டார்கள். ஒரு பெட்டை நுழைவதைப் பார்த்த மற்றவையும் அதே பெட்டியில் முட்டையிட்டுப் போயின. வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இருக்கவேண்டிய கூட்டில் முப்பதுக்கு மேல் சேர்ந்தன. அத்தனைக்கும் ஒரு தாய் எப்படிச் சூடு கொடுக்கும்? பல முட்டைகள் வீணாயின. சில கூடுகளைத் தாயே கைவிட்டது.

1980-களில் பிராட் செமெல், பால் ஷெர்மன் முதலிய விஞ்ஞானிகள் அதே இல்லினாயில் இதை ஆராய்ந்தார்கள். மரங்களுக்கிடையே, ஒன்றுக்கொன்று தள்ளி, மறைவாக வைத்த பெட்டிகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருந்தது. காட்டில் பொந்துகளும் அப்படித்தானே இருக்கின்றன!

வீடு கட்டித் தருவது நல்ல காரியம். குடியிருக்கப்போகிறவரின் பழக்கமறிந்து கட்டினால்தான் அது பயன்படும்.