‘வெளிறிய’ என்னும் அடை

‘நிறமற்ற’, ‘வெளிறிய’ ஆகிய இரண்டும் ஒருபொருட் சொற்களாகவே இன்று பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றன. ஆயினும் இவற்றிடையே அடிப்படை வேறுபாடொன்று உண்டு. நீர் நிறமற்றது; அஃது அதன் இயல்பு. வெளிறிய சேலையோ முன்னர் நிறம் பெற்றிருந்தது. வெயிலும் தோய்ப்பும் அதனைப் போக்கின. முன்னது பண்பைச் சுட்ட, பின்னது நடந்து முடிந்த ஒரு நிகழ்வைச் சுட்டுகின்றது. இறந்தகாலப் பெயரெச்சமாதலின் வரலாறு அதனுள்ளேயே அடங்கியுள்ளது.

இதன் அடியான ‘வெளிறு’ என்பதன் பழைய ஆட்சியை நோக்குமிடத்து, அது வெறுங் கட்புலனுக்குரிய சொல்லாக அமையவில்லை என்பது புலனாகும். புறநானூறு 35ஆம் பாடலில் போர்க்களச் சிதைவுக்கு உவமையாக வெளிற்றுப் பனையின் துண்டங்கள் கூறப்படுகின்றன. வெளிற்றுப் பனையாவது வயிரமேறாத பனை. பனையின் வயிரம் புறத்தே அமைவது. தொல்காப்பிய மரபியல் புறக்காழுடையவற்றைப் புல் என வகுத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. முதிர்ந்த பனையின் வயிரம் கரியது, வலியது. முதிராத பனை வெளிறியது. அதனைக் கைமரமாக ஏற்றினால் கூரை நில்லாது. எனவே நிறம் இங்கு பயன்மதிப்பின் அடையாளமாகும். கோடரி பிடித்தவனும் தச்சனும் தம் தொழிலனுபவத்தாற் கண்ட வேறுபாடு அது. (வேந்தனின் வெற்றியும் உழவின் விளைவே எனக் கூறி, வெள்ளைக்குடி நாகனார் செய்க்கடன் நீக்கம் பெற்றதும் இதே பாடலாலேயே என அதன் பழைய குறிப்புக் கூறும்.)

திருக்குறளில் இச்சொல் இடம்பெயர்கின்றது. ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்து 503ஆம் குறளில் வெளிறு என்பதற்கு உரையாசிரியர்கள் அறியாமை எனப் பொருள் கண்டனர். அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றாரிடத்தும் அஃது இல்லாதிருத்தல் அரிது என்கிறது குறள். அவ்வதிகாரம் அரசன் தனக்கேற்ற வினையாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. தச்சன் மரத்தைச் சோதித்த சொல்லைக்கொண்டு ஆள்வோன் ஆளைச் சோதிக்கிறான். மூளையுழைப்பு கையுழைப்பினின்றும் பிரிந்து மேலோங்கிய சமுதாயத்திலே, கையுழைப்பாளன் கண்ட அளவுகோல் கல்வியின் அளவுகோலாக மாறியது. அதனைக் கண்டவன் அவ்வளவுகோலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டான்.

நவீன புனைகதையில் மரம் முற்றாக மறைந்து முகம் மட்டும் எஞ்சியுள்ளது. ‘வெளிறிய முகம்’ அச்சத்துக்கும் நோய்க்கும் வாய்பாடாகிவிட்டது. தோட்டத் தொழிலாளப் பெண்ணின் முகம் வெளிறியது எனக் கூறி மேற்செல்லும் கதாசிரியர், அவளுடைய குருதியை எது உறிஞ்சியது என்பதைக் கூறாவிடின், ‘வெளிறிய’ என எழுதியும் ‘நிறமற்ற’ என்ற பொருளையே தருகின்றார்.