நாவுக்கு முன்னே செவி

குழந்தை எப்போது பேசும் என வீட்டார் ஆவலோடு காத்திருப்பர். மழலையை எதிர்நோக்கும் அவ்வாவல் இயல்பே. ஆயினும் மொழி நாவில் தொடங்குவதன்று, செவியில் தொடங்குவது. நெடுநாள் கேட்டலின் விளைவே பேச்சு. இவ்வுண்மையை உணர்ந்தோர்க்கு, முதற்சொல்லுக்கு முந்திய ஓராண்டு வெறுங்காலமாகத் தோன்றாது.

கேட்டல்

தாயின் வயிற்றில் ஆறாம் திங்களளவிலேயே உட்செவி செயற்படத் தொடங்குகிறது. பிறந்து சில நாள்களே ஆன சேய், பிற பெண்டிர் குரலினும் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்பதை டிகாஸ்பர், ஃபைஃபர் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவர் 1980இல் காட்டினர்.

கனடா நாட்டில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு தமிழ் பயில்வோர்க்குச் சுவை தருவதாகும். நாம் தகரத்தையும் டகரத்தையும் வேறுபடுத்தி ஒலிப்பது போலவே இந்தி பேசுவோரும் ஒலிப்பர். ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இல்லை. எனினும் ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த 6 முதல் 8 திங்கள் நிரம்பிய குழந்தைகளுள் பெரும்பாலானவை அவ்விந்தி ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 திங்கள் நிரம்பியவற்றுள் மிகச் சிலவே அறிந்தன. எனவே முதற்சொல் பிறக்குமுன்னரே செவி தன் வீட்டு மொழிக்கு இசைந்துவிடுகிறது எனலாம்.

உணர்தலும் உரைத்தலும்

இரண்டு மூன்று திங்களில் குழந்தை கூவுகிறது. ஆறு திங்களுக்குப் பின் அசைகளை அடுக்கிப் பிதற்றுகிறது. இதழ்கள் இயைந்து பிறக்கும் மகரமும் பகரமும் முந்தி வருதலின், அம்மா, அப்பா, வாப்பா என்னும் சொற்கள் எளிதில் வாய்க்கின்றன. ழகரமும் றகரமும் பிந்தி அமைகின்றன.

ஆனால் உரைப்பதினும் உணர்வது மிகுதி. எட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கிய ஹெலன் பெனடிக்ட், அவை ஏறத்தாழ 13 திங்களில் 50 சொற்களின் பொருளை உணர்ந்தன என்றும், 50 சொற்களைப் பேசுவதற்கு 18 திங்கள் ஆயின என்றும் 1979இல் எழுதினார். இடைப்பட்ட ஐந்து திங்கள் அறியாமையன்று, நிறைகுடத்தின் அமைதி.

பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் உண்டு. குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது அது. வீட்டு முற்றத்தில் நிலவைச் சுட்டும்போது, விரலை நோக்காது விரல் காட்டும் பொருளை நோக்கக் குழந்தை கற்கிறது. சொல்லும் சுட்டும் பார்வையும் ஒன்றுகூடும் அவ்விடத்திலேயே சொல்லுக்குப் பொருள் அமைகிறது. தொலைக்காட்சி குழந்தையின் பார்வையைப் பின்தொடராது, மறுமொழிக்குக் காத்திராது. பேசும் மனிதரே அதனைச் செய்ய இயலும்.

நம் கடமை

செவிப்புலன் குன்றிய சேயும் தொடக்கத்தில் அழும், சிரிக்கும், கூவும். ஆதலின் ஒலியெழுப்புவதைக் கண்டே செவி நலமாயுள்ளது எனத் துணிதல் தவறு. “இவன் தந்தையும் பிந்தியே பேசினார்”, “ஆண்பிள்ளை அப்படித்தான்”, “வீட்டில் உருது, வெளியில் தமிழ்; அதனால்தான்” என முதியோர் ஆறுதல் கூறுவதுண்டு. இருமொழிச் சூழல் பேச்சைத் தடுப்பதில்லை. அன்பினால் கூறும் அவ்வாறுதல் சிலவேளைகளில் மீளாத காலத்தை வீணாக்கிவிடும்.

கேட்புக் குறையை ஆறு திங்களுக்குள் கண்டறிந்து உதவி பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களினும் மொழியில் மேம்பட்டிருந்தனர் என்பதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு உணர்த்திற்று. ஒரு திங்களுக்குள் செவிச் சோதனை, மூன்று திங்களுக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு திங்களுக்குள் உதவி என்பதே மருத்துவர் வகுத்துள்ள நெறி. சோதனையோ உறங்கும் குழந்தைக்கும் நோவின்றிச் சில நிமிடங்களில் செய்யத்தக்கது. கேட்கும் கருவி, உட்செவிப் பதியம், சைகை மொழி எனப் பல வழிகள் உள்ளன. சைகை மொழியும் இலக்கணம் நிறைந்த மொழியே.

12 திங்களில் அசையடுக்கிப் பிதற்றாமை, 16 திங்களில் ஒரு சொல்லும் வாராமை, 24 திங்களில் இருசொற்களை இணைத்துப் பேசாமை ஆகியவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். குழந்தையோடு நாள்தோறும் முகம் நோக்கிப் பேசுவதும், ஐயம் தோன்றின் காலந்தாழ்த்தாது செவியைச் சோதிப்பதும் பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் உரிய கடமையாகும்.