யாத்திரையும் தரகும்

சென்ற கோடை விடுமுறையில் வேங்கிக்காலில் ஒரு சிறு தர்க்கம் நிகழ்ந்தது. கலெக்டர் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கும் சிலரும் அக்கம்பக்கத்துக் குடும்பத்தினரும் ஒன்றுசேர்ந்து, சென்னைக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்ல உத்தேசித்தார்கள். சிறியவரும் பெரியவருமாக 42 பேர். திருவண்ணாமலையிலுள்ள ஒரு பிரயாண ஏஜெண்டு, தலைக்கு 2,300 ரூபாய் கொடுத்தால் பஸ், நுழைவுச் சீட்டு, ஆகாரம் யாவும் தம் பொறுப்பு என்றார். கோஷ்டியிலிருந்த குமாஸ்தா ஒருவர் இதற்கு இணங்கவில்லை. "பூங்காக்காரன் தன் சீட்டைத் தானே விற்கிறான், பஸ்காரன் நம் தெருவிலேயே இருக்கிறான். நடுவில் ஒருவருக்கு நாம் ஏன் ஐயா தண்டம் அழவேண்டும்?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது. ஆனால் பூர்ணிமைதோறும் பிரயாணிகள் திரளாக வந்திறங்கும் ஊர் திருவண்ணாமலை. இங்கிருந்து காசிக்கும் திருப்பதிக்கும் புறப்படுகிறவர்களும் அநேகர். வருகிறவரும் போகிறவரும் ஏதோ ஓர் இடத்தில் தரகர் ஒருவரைச் சந்தித்தே தீரவேண்டியிருக்கிறது. ஆதலால் இதைச் சற்று விரிவாக ஆராய்வது வீண்வேலை ஆகாது.

முதலில் குமாஸ்தாவின் கணக்கைப் பார்ப்போம். பஸ் வாடகை 28,000 ரூபாய். நுழைவுச் சீட்டு, கூட்டமாக வருவோருக்கு உள்ள தள்ளுபடி போக, சராசரி 1,100 ரூபாய் வீதம் 46,200. ஆகாரத்துக்கு 10,500. ஆகமொத்தம் 84,700. ஏஜெண்டு கேட்டதோ 96,600. வித்தியாசம் 11,900 ரூபாய். தலைக்கு 283 ரூபாய்க்குச் சற்று மேல். குமாஸ்தா வெற்றிபெற்றார். கோஷ்டி ஏஜெண்டின்றியே புறப்பட்டது.

ஆனால் கணக்கில் ஏறாத சில இனங்களும் உண்டு. பூங்காவுக்குப் பலமுறை டெலிபோன் செய்தவர் அவர். பஸ்காரருக்கு முன்பணம் கொடுத்தவர் அவர். 42 பேரிடமும் பணம் வசூலித்து, கடைசி நிமிஷத்தில் மூன்று பேர் வரவில்லை என்றபோது அந்தச் சுமையையும் தாங்கியவர் அவரே. அன்று பிற்பகல் மழை கொட்டி உயர்ந்த ராட்டினங்களை நிறுத்திவிட்டபோது, "வேறு தேதி கொடுங்கள்" என்று வாசலில் நின்று வாதாடியவரும் அவரே; தேதி கிடைக்கவில்லை. அந்த மனிதருடைய இரண்டு இரவுகளுக்கும் ஒரு பகலுக்கும் கூலி யார் கொடுத்தார்? ஏஜெண்டு கேட்ட 11,900 ரூபாயில் ஒரு பகுதியேனும் நியாயமான கூலி என்பதை அன்று மாலை கோஷ்டியில் பலர் ஒப்புக்கொண்டார்கள்.

ஏஜெண்டின் வருமானம் இரு வழியில் வருவது. சில கம்பெனிகள் விலையை ஒன்றாகவே வைத்து, ஏஜெண்டு மூலம் வரும் வியாபாரத்துக்குத் தம் லாபத்திலிருந்து கமிஷன் கொடுக்கின்றன. அமெரிக்காவில் 1955-ல் கலிபோர்னியாவிலும் 1971-ல் புளோரிடாவிலும் பூங்காக்கள் திறந்த டிஸ்னி கம்பெனி இம்முறையை அநுசரிப்பது. அங்கே பிரயாணி நேரே வாங்கினாலும் ஏஜெண்டிடம் வாங்கினாலும் பொதுவாக விலை ஒன்றே. நேரே வாங்குகிறவர் பணத்தை மிச்சப்படுத்துவதில்லை, யோசனை சொல்ல ஓர் ஆளை இழக்கிறார், அவ்வளவே. இரண்டாவது வழி, ஏஜெண்டு தம் கூலியை விலையின்மேல் ஏற்றிவைப்பது. நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். 1995-ல் டெல்டா விமானக் கம்பெனி ஏஜெண்டுகளின் கமிஷனுக்கு உச்சவரம்பு கட்டியது. மற்றக் கம்பெனிகளும் அவ்வழியே சென்றன. அதன்பின் அந்நாட்டு ஏஜெண்டுகள் பிரயாணியிடமே வெளிப்படையாகக் கட்டணம் கேட்கத் தொடங்கினார்கள். நமக்கு அது நல்ல வழியாகவே தோன்றுகிறது. கூலி எவ்வளவு என்று தெரிந்தால், கொடுப்பதா வேண்டாமா என்று பிரயாணி தீர்மானிக்கலாம்.

இந்தத் தொழிலின் மூலபுருஷராகச் சொல்லப்படுகிற தாமஸ் குக் 1841 ஜூலையில் மதுவிலக்குக் கூட்டமொன்றுக்கு லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவுக்கு நபருக்கு ஒரு ஷில்லிங் வீதம் ஆட்களை ரயிலில் அழைத்துச் சென்றவர். மதுவிலக்குத் தொண்டில் பிறந்த தொழில் என்பது நம் அன்பர்களுக்கு ஓர் ஆச்சரியமாக இருக்கலாம். 1886-ல் இந்திய சர்க்கார், பம்பாயிலிருந்து ஜெட்டாவுக்குச் செல்லும் ஹஜ் யாத்திரிகர்களின் பிரயாணத்தை அந்தக் கம்பெனியிடமே ஒப்படைத்தது. ஏழை யாத்திரிகர்களைத் தரகர்களும் கப்பல்காரர்களும் சூறையாடுகிறார்கள் என்ற புகாருக்கு அதுவே பரிகாரம் என்று கருதினார்கள். ஏழெட்டு வருஷங்களில் அந்த ஏற்பாடு முடிந்துபோயிற்று. சிறு தரகர்களிடமிருந்து யாத்திரிகரைக் காப்பாற்ற ஒரு பெருந்தரகரை நியமிக்கும் உபாயம் அன்றே பரீட்சிக்கப்பட்டுத் தோற்றது என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளலாம். பின்னால் இது உதவும்.

அதே தாமஸ் குக் கம்பெனி 178 வருஷங்கள் நடந்து, 2019 செப்டம்பர் 23-ல் பிரிட்டனில் திவாலாயிற்று. (இந்தியாவில் அப்பெயரில் நடப்பது வேறு கம்பெனி, அதற்கு இந்தத் திவாலில் சம்பந்தமில்லை.) அன்று ஏறத்தாழ 1,50,000 பிரிட்டிஷ் பிரயாணிகள் வெளிநாடுகளில் இருந்தார்கள். துனீசியாவில் ஒரு ஹோட்டல், கம்பெனி தனக்குப் பாக்கி வைத்திருக்கிறது என்று சொல்லி, பணம் முழுவதையும் முன்பே கட்டிவிட்ட பிரயாணிகளை வாசலில் தடுத்தது. ஆயினும் ஒருவரும் அநாதையாக விடப்படவில்லை. அந்நாட்டில் 1973 முதல் ஒரு காப்பு ஏற்பாடு இருக்கிறது. விமானத்தோடு சேர்ந்த சுற்றுலா விற்கும் கம்பெனிகள் அதில் பணம் கட்டியே ஆகவேண்டும். நம் நாட்டிலோ மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் விரும்புகிறவர் பெற்றுக்கொள்வது; விரும்பாதவர் ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு மறுநாளே கடை திறந்துவிடலாம்.

இதனால் நேரும் தீங்கு என்னவென்பதை நமக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தால் விளக்குவோம். வேங்கிக்காலில் விதவை அம்மாள் ஒருவர், பல வருஷங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் காசி யாத்திரைக்கென்று ஒரு ஏஜெண்டிடம் கொடுத்தார். காகிதத்தில் அச்சிட்ட ரயில் சீட்டு அவர் கைக்கு வந்தது. காட்பாடி ஸ்டேஷனில் பெட்டியேறப் போனபோது பெயர் பட்டியலில் இல்லை. அந்தச் சீட்டு காத்திருப்போர் வரிசைச் சீட்டு. அட்டவணை தயாரானபோது இடம் கிடைக்காமல் தானாகவே ரத்தாகிவிட்டது. இணையத்தில் எடுத்த சீட்டு இவ்வாறு ரத்தானால் அதைக்கொண்டு ரயிலேற அனுமதி இல்லை. பணமோ, சீட்டு எடுத்த கணக்குக்கே திரும்பிப் போகும். அதாவது ஏஜெண்டின் கணக்குக்குப் போயிற்று. அம்மாள் கேட்டபோது, "ரயில்வேயில் இன்னும் தரவில்லை" என்ற பதிலே ஆறு மாதம் வரை வந்துகொண்டிருந்தது.

இந்த மோசடிக்குத் தடை இல்லாமலில்லை. ரயில்வேயின் இணையச் சீட்டுக் கம்பெனியான ஐ.ஆர்.சி.டி.சி. 2019-ல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு எடுத்த சீட்டு ரத்தானால், திரும்பிவரும் தொகையும் ஒரு ரகசிய எண்ணும் பிரயாணியின் கைப்பேசிக்கே செய்தியாக வரும். ஆனால் இது பயன்படுவதற்கு ஏஜெண்டு அங்கீகாரம் பெற்றவராக இருக்கவேண்டும். பிரயாணியின் சொந்த எண்ணை எழுதியிருக்கவேண்டும். அம்மாளின் சீட்டில் இருந்தது ஏஜெண்டின் எண். சொந்தக் கணக்கில் சீட்டெடுத்துப் பிறருக்கு வியாபாரமாக விற்பது 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இணையச் சீட்டு வருவதற்கு முன் எழுதிய பிரிவாயிற்றே, அது இதற்கும் பொருந்துமா என்று வழக்காடிப் பார்த்தார்கள். பொருந்தும் என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. அவ்வருஷம் ஜூலை முதல், தத்கால் சீட்டு விற்பனை தொடங்கும் முதல் அரைமணி நேரம் ஏஜெண்டுகளுக்கு மூடப்பட்டது. தனிமனிதர் ஆதார் அத்தாட்சியோடு எடுத்துக்கொள்ளவேண்டும் என்றும் ஏற்பட்டது. நேரே வாங்குகிறவன் பக்கம் சட்டம் சாய்வது நல்ல அறிகுறியே.

திருப்பதியின் கதை வேறுவிதமானது. தேவஸ்தானம் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டை இணையத்தில் தானே விற்கிறது. அதோடு பல மாநிலங்களின் சுற்றுலாக் கழகங்களுக்கும் ஓர் ஒதுக்கீடு இருந்துவந்தது. சர்க்கார் கழகமே தரகராக இருந்தால் தீங்கில்லை என்று ஜனங்கள் நம்பினார்கள். அந்த ஒதுக்கீட்டில் முறைகேடுகள் நடக்கின்றன என்ற புகார்கள் எழுந்து, 2024 நவம்பரில் தேவஸ்தானக் குழு அதையே ரத்துசெய்யத் தீர்மானித்தது. யோக்கியமாக நடந்த கழகத்தின் பஸ்ஸை நம்பியிருந்த வயோதிகர்களுக்கு இதனால் கஷ்டமே. ஒருவர் செய்த தவறுக்கு வழியையே அடைத்துவிடுவது சுலபமான நிர்வாகம். நல்ல நிர்வாகமா என்பதில் நமக்குச் சந்தேகமுண்டு.

இனி, "நான் ஏஜெண்டிடம் போவதில்லை, கைப்பேசியிலேயே அறை எடுத்துவிடுகிறேன்" என்று பெருமைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் போவது ஹோட்டல்காரனிடமா? அல்ல, கண்ணுக்குத் தெரியாத பெரிய ஏஜெண்டிடம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோ கம்பெனிக்கு 223 கோடி ரூபாய்க்கு மேலும், ஓயோ கம்பெனிக்கு 168 கோடி ரூபாய்க்கு மேலும் அபராதம் விதித்தது. மேக்மைட்ரிப் தளத்தில் இடம்பெறும் ஹோட்டல்கள் வேறிடத்தில் அதைவிடக் குறைந்த விலைக்கு அறை விற்கக்கூடாது என்ற நிபந்தனை அந்த வழக்கில் வெளியாயிற்று. ஹோட்டல்காரன் தன் அறையின் விலையைத் தானே குறைக்கமுடியாதபடி தரகன் கையைக் கட்டிவிட்டான்! ஹஜ் யாத்திரைக்குப் பெருந்தரகரை நியமித்த 1886-ஆம் வருஷத்து உபாயம் வேறு வேஷத்தில் திரும்பியிருக்கிறது. இம்முறை நியமித்தவர்கள் நாமே.

இலவசம் என்ற தூண்டிலும் புதிதல்ல. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தபோது, கொழும்பு மார்க்கத்தில் ஏகபோகம் நடத்திவந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் பிரயாணிக்கு ஒரு குடையை இனாமாகக் கொடுக்கவும் முன்வந்தது. சுதேசிக் கம்பெனி நசிந்தபின் குடை ஏது? இன்று "முதல் முறை பதிவுக்குப் பாதி விலை" என்ற விளம்பரத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்தக் குடை ஞாபகம் வருகிறது.

நம் ஊருக்கே வருவோம். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு நேர் ரயில் நெடுங்காலம் இல்லாதிருந்து, 2024 மே 2 முதல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தினசரி ரயில் வரத் தொடங்கியது. அப்போது கட்டணம் 50 ரூபாய். முன்பதிவு இல்லை, ஆதலால் தரகருக்கும் வேலை இல்லை. ரமணாசிரமத்தில் தங்க விரும்புகிறவர் முன்கூட்டி ஆசிரமத்துக்கே எழுதி அநுமதி பெறவேண்டும், வாடகை கிடையாது. கார்த்திகை தீபத்தன்று கோயிலுக்குள்ளிருந்து தரிசிப்பதற்குரிய கட்டணச் சீட்டுகளையும் சமீப வருஷங்களில் கோயில் நிர்வாகமே இணையத்தில் விற்றுவருகிறது. இவ்வளவும் இருந்தும், பூர்ணிமை இரவில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சுற்றிக் களைத்துவரும் வெளியூர்க் குடும்பம், ஆட்டோ நிலையத்தில் நிற்கும் ஓர் ஆளின் பின்னால் போய், அறை வாடகையைப் பன்மடங்காகக் கொடுத்துப் படுக்கிறது. எங்கே என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. தரகனுடைய மூலதனம் பிறருடைய அறியாமை. பஸ் நிலையத்திலும் ரயில் ஸ்டேஷனிலும் விடுதிகளின் பெயரையும் அன்றைய வாடகையையும் பெரிய பலகையில் எழுதிவைத்தால் அந்த மூலதனத்தில் பாதி கரைந்துவிடும். கலெக்டர் கச்சேரி வேங்கிக்காலிலேயே இருப்பதால் இந்த யோசனை வெகுதூரம் பிரயாணம் செய்யவேண்டியதில்லை.

நமது கோரிக்கை இதற்கு மேல் ஒன்றே ஒன்று. பிறருடைய பணத்தை முன்னதாக வாங்கிப் பிரயாணம் விற்கும் எவரும் சர்க்காரிடம் பெயர் பதிந்து, ஒரு ஜாமீன் தொகையும் கட்டவேண்டும். யோக்கியமான ஏஜெண்டுகள் இதை எதிர்க்கக் காரணமில்லை. அவர்களுக்குப் போட்டியாக நிற்பவர்கள் யோக்கியமற்றவர்களே. வயோதிகர்கள், எழுத்தறியாதவர்கள், பாஷை தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு நல்ல ஏஜெண்டு ஒரு துணை. அந்தத் துணைக்கு ரசீதில் எழுதிய கூலி கொடுப்பதில் குற்றமில்லை.

விதவை அம்மாளின் காரியத்தைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் செய்கிறவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. மேலே சொன்ன குமாஸ்தாவே புகாரை எழுதிக் கொடுத்தார். புகாரின் நகல் போய்ச்சேர்ந்த இரண்டாம் வாரத்தில் ஏஜெண்டு பணத்தைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாள் மறுபடி காசிக்குச் சீட்டு எடுத்திருக்கிறார். இம்முறை திருவண்ணாமலை ரயில் ஸ்டேஷனில் வரிசையில் நின்று, தம் கையாலேயே பாரத்தில் தம் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். சீட்டு உறுதியான செய்தி வந்த அன்று, அதை மூன்று முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.