உயிரெழுத்தை அழுத்தும்போது வாய் என்ன செய்கிறது?

உயிரெழுத்தை அழுத்திச் சொல்வதைத் தமிழர் பெரும்பாலும் நீட்டிச் சொல்வதாகவே உணர்கின்றனர். ‘பெரிய வீடு’ என்பது வியப்பில் ‘பெரீய வீடு’ ஆகும்போது இகரத்தின் மாத்திரை, அதாவது அது ஒலிக்கும் கால அளவு, கூடுவது செவிக்கு எளிதில் புலப்படுகிறது. அதே கணத்தில் தாடையும் நாவும் இதழ்களும் இடம் மாறுகின்றன என்பதும், அம்மாற்றம் எல்லா உயிர்களுக்கும் ஒரே திசையில் அமைவதில்லை என்பதும் அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் பன்னிரண்டு உயிர்களையும் வாயின் தொழில் கொண்டு மூன்றாக வகுக்கிறது: அ, ஆ இரண்டும் வாயைத் திறக்கும் அங்காப்பினால் பிறப்பவை, இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தும் அங்காப்போடு நாவிளிம்பு மேல்வாய்ப் பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பவை, உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவியப் பிறப்பவை. பல மொழிகளில் நடந்த ஒலியியல் ஆய்வுகளின்படி, அழுத்தம் ஏறும்போது ஒவ்வோர் உயிரும் தன் இயல்பை மிகுத்துக்கொள்ள முனைகிறது: ஆகாரத்திற்குத் தாடை மேலும் இறங்குகிறது, ஊகாரத்திற்கு இதழ்கள் மேலும் முன்தள்ளிக் குவிகின்றன. ஆனால் ஈகாரத்தில் ஒரு முரண் எழுகிறது. ஒலி ஓங்க வாய் திறக்க வேண்டும், ஈகாரம் ஈகாரமாகவே கேட்க நா அண்ணத்தை நெருங்கியிருக்க வேண்டும். ஆகவே தாடை இறங்கினாலும் நா தனியே உயர்ந்து அந்த இறக்கத்தைப் பெரிதும் ஈடுசெய்கிறது.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் இரைச்சலில் கூவி விற்பவரிடம் இத்தகைய அழுத்தம் தானாகவே ஏறுகிறது. சுற்றிலும் சத்தம் மிகும்போது பேசுவோர் தம்மையறியாமலே குரலை உயர்த்தி, உயிர்களை நீட்டி, வாயை அகலத் திறப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் ஆராய்ந்து கூறியதால் அது ‘லொம்பார் விளைவு’ எனப்படுகிறது.

கர்நாடக இசைக் கச்சேரி நடக்கும் மயிலாப்பூர் சபா மேடையில் ஈகாரத்தின் முரண் இன்னும் கடுமையாகிறது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பாடகி மேல் பஞ்சமத்தைத் தொடும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 590 முறை அதிர்கின்றன. ஈகாரத்தின் முதல் ஒத்ததிர்வு, அதாவது வாயறை வலுவூட்டும் மிகத் தாழ்ந்த அதிர்வெண், சுமார் 300 முதல் 400 வரையே இருப்பதால், அந்தச் சுரத்திற்கு வாயறையின் துணை குறைந்துவிடுகிறது. துணையைப் பெற வாயைத் திறந்தால் ஒத்ததிர்வு உயர்ந்து, ஈகாரம் ஏகாரத்தை நோக்கிச் சாய்கிறது. ஆகாரத்தின் முதல் ஒத்ததிர்வு அந்தச் சுரத்தைவிட உயர்ந்தே இருப்பதால் அதற்கு இந்த இக்கட்டு இல்லை. குரல் பயிற்சியில் ‘ஆ’ என்று பாடிப் பழகும் அகார சாதகம் பெறும் முதன்மைக்கு ஒலியியல் தரும் நியாயங்களுள் இதுவும் ஒன்று.